கதவைத் தாங்களே திறக்க வேண்டாம்

ஜனவரி 9

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். என் முழங்கால் மட்டும் என்மேல் தனியாக ஒரு வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது? போனில் கேட்கலாம்தான். ஆனால் உன் அம்மா கையில் போன் போனால் எனக்கு மிஞ்சுவது 'சரி, வெச்சுடறேன்' மட்டுமே. அதனால்தான் தபால்.

முதலில் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். உன் கட்டுரை வந்த பத்திரிகையை மறுநாளே வேலைக்கு, நான் இயக்கும் லிஃப்டுக்கு எடுத்துப் போனேன். காலை நேரம், நல்ல கூட்டம். நாலாம் மாடிக் கணக்கு அலுவலகத்து மேனேஜர், எந்த வெயிலிலும் டை கட்டி வருவாரே, நம் டை சார், அவரும் இருந்தார். "என் பொண்ணு எழுதினது" என்று சொல்லிவிட்டு உரக்கப் படிக்க ஆரம்பித்தேன்.

சிறையிலிருந்து வெளியே வந்த பெண்கள் மறுபடி வாழக் கற்றுக்கொள்வதை எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய். அதிலும் அந்த ஒரு அம்மா. பூட்டாத கதவாக இருந்தாலும் கை வைக்காமல், யாராவது வந்து திறக்கட்டும் என்று நிற்பாராமே. சொந்த வீட்டு வாசலில்கூட, சாவி கையில் இருக்க, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் திறப்பாராமே. அந்த இடத்தை இரண்டு முறை படித்தேன். லிஃப்டில் ஒரு சத்தம் இல்லை. கட்டிப்போட்டுவிட்டாள் என் மகள் என்று நினைத்துக்கொண்டேன். படித்து முடித்து, கதவைத் திறந்து, "நாலாவது மாடி" என்றேன். எதிரே வாட்ச்மேன் நிற்கிறார். தரைத்தளம். நான் பொத்தானை அழுத்தவே இல்லை.

டை சார் சொன்னார்: "உங்க பொண்ணு மேல போயிட்டா. நாங்கதான் கீழயே நிக்கிறோம்."

என்னளவு ஏறியவனும் இந்த ஊரில் இல்லை, என்னளவு இறங்கியவனும் இல்லை. ஆனாலும் மரியாதை என்று ஒன்று கிடையாது. எல்லோரும் அந்த இரும்புக் கிராதிக் கதவைத் தாங்களே இழுத்துத் திறந்துகொண்டு ஏறிவிடுகிறார்கள். என் முக்காலிக்கும் எனக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. நாலாம் மாடியைக் கூட்டித் துடைக்க ஏஜென்சி மூலம் புதிதாக ஒரு அம்மா வந்திருக்கிறார். அவர் ஒருவர்தான் என் பதவியை மதிக்கிறார். நான் எழுந்து திறக்கும்வரை வாளியோடு அப்படியே நிற்பார். அன்றைக்கு அவரும் லிஃப்டில் இருந்தார். படித்து முடித்ததும் என்னையே பார்த்தார். உன் எழுத்து அவருக்கும் பிடித்துவிட்டது போலிருக்கிறது.

இருமலுக்கு வெந்நீர் குடி.

பெருமையில் உருப்படாமல் போன
உன் அப்பா

பிப்ரவரி 2

அன்புள்ள அப்பாவுக்கு,

இருமல் போய்விட்டது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அறைத் தோழிகளுக்கும் படித்துக் காட்டினேன். பொத்தானை அழுத்த மறந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்பா, ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையை இனி லிஃப்டில் படிக்காதீர்கள். யாரிடமும் அதைப் பற்றிப் பேச வேண்டாம். பத்திரிகையை வீட்டில் வைத்துவிடுங்கள். ஏன் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். சின்ன வயதிலிருந்து ஆயிரம் 'ஏன்' கேட்டு உங்கள் உயிரை வாங்கியவள் இதைச் சொல்வது வேடிக்கைதான்.

என் பிஎச்.டி. வழிகாட்டி மேடம் அந்தக் கதவுப் பகுதிதான் ஆய்வேட்டின் முதுகெலும்பு என்கிறார். புத்தகமாகப் போடவும் ஒரு பதிப்பகத்தில் பேசியிருக்கிறார். சந்தோஷமான செய்திதான். சந்தோஷமாக எழுத வரவில்லை.

முழங்காலை டாக்டரிடம் காட்டுங்கள். லிஃப்டில் வரும் எல்லோரிடமும் காட்டியது போதும்.

உங்கள் மகள்

பிப்ரவரி 11

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

இங்கே நலம். புத்தகச் செய்தியைக் கேட்டு உன் அம்மா பக்கத்து வீடு, எதிர்வீடு, மாடிவீடு எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டாள். என்னை மட்டும் வாயாடி என்கிறாள்.

நீ சொன்னபடி படிப்பதை நிறுத்திவிட்டேன். ஆனால் உன் கடிதம் வருமுன்பே டை சார் "வீட்ல காட்டிட்டுத் தரேன்" என்று பத்திரிகையை வாங்கிப் போயிருந்தார். நேற்றுத் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போதே லிஃப்டில் எல்லோர் முன்னாலும், "ஏங்க, நம்ம மாடியில கூட்டுற அம்மாவும் இதே மாதிரிதானே கதவு முன்னாடி நிக்கும்? எங்கேருந்து வந்ததுன்னு ஏஜென்சில விசாரிக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டாம் மாடியைத் தாண்டும்போது என் சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது.

நான் அதை எனக்குக் கிடைத்த மரியாதை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். மரமண்டை என்பதற்கு வேறு படம் வேண்டாம், என் படத்தைப் போடலாம்.

மகளே, நேராகவே கேட்கிறேன். நீ எழுதியது அவரைப் பற்றியா?

உன் அப்பா

பிப்ரவரி 15

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

அந்தக் கேள்வியை இனி எழுதாதீர்கள். யாரைப் பற்றியும், எப்போதும். 'ஆமாம்' என்றால் நான் வாக்குத் தவறியவள். 'இல்லை' என்று ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டால், நாளைக்கு இன்னொருவரைப் பற்றி நீங்கள் கேட்கும்போது என் மௌனமே பதிலாகிவிடும். அதனால் யாரைக் கேட்டாலும் எனக்கு ஒரே பதில்தான்: சொல்ல மாட்டேன். பெற்ற அப்பாவுக்கும் அதே பதில். பேட்டி தந்த ஒவ்வொருவருக்கும் அந்த வாக்கைக் கொடுத்துவிட்டுத்தான் எதிரே உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றி மட்டும் சொல்லலாம். அந்தக் கட்டுரையில் ஊரை மாற்றினேன். வயதை மாற்றினேன். குடும்பத்தை மாற்றினேன். கதவை மட்டும் மாற்றவில்லை. மாற்ற மனம் வரவில்லை அப்பா, அவ்வளவு நன்றாக வந்திருந்தது. தெரிந்தவர் யாராவது படித்தால் என்ன ஆகும் என்று மற்ற எல்லா வரிகளிலும் யோசித்தவள், அந்த ஒரு வரியில் யோசிக்கவில்லை. நீங்கள் உரக்கப் படித்தது தப்பில்லை. உரக்கப் படிக்கும்படி அதை எழுதியது நான்.

உங்கள் டை சார் விசாரிக்கத் தொடங்கினால், அது யாராக இருந்தாலும், ஒரு ஆளின் வேலை போகும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். என்ன செய்வதென்று தெரியவில்லை.

உங்கள் மகள்

மார்ச் 3

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

எல்லோரும் நலம், என் முழங்காலைத் தவிர. அது மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது. காரணம் சொல்கிறேன்.

நீ கேட்காதே என்றதைக் கேட்கவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு, என் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரைக் கேட்டுப் பார். இது வேறு விஷயம், லிஃப்ட் விஷயம்.

கட்டிட உரிமையாளரிடம் போய், "கிராதியை ஆளாளுக்கு இழுக்கறாங்க, விரல் மாட்டினா யார் பொறுப்பு?" என்று பயம்காட்டினேன். அவர் அனுமதி தந்துவிட்டார். மாடிக்கொரு பலகையாக நானே பெயின்டால் எழுதி மாட்டினேன்: 'கதவைத் தாங்களே திறக்க வேண்டாம். லிஃப்ட் இயக்குபவர் திறக்கும்வரை காத்திருக்கவும்.' எழுத்து கொஞ்சம் கோணல். ஆனால் தூரத்திலிருந்தே தெரியும்.

இப்போது கட்டிடம் முழுக்க நிற்கிறது. வக்கீல் நிற்கிறார், தபால்காரர் நிற்கிறார், உரிமையாளரே நிற்கிறார். யார் கிராதிமேல் கை வைத்தாலும் "ரூல்ஸ் சார், ரூல்ஸ்" என்று கத்துகிறேன். வசவுக்குக் குறைவில்லை. "என்னய்யா, திடீர்னு மந்திரி ஆயிட்டீங்க?" என்கிறார் ஒருவர். "முக்காலிக்குத் தலைக்கனம் வந்துடுச்சு" என்கிறார் இன்னொருவர். மாடிக்கு மாடி நானே எழுந்து திறந்தாக வேண்டும், அதுதான் முழங்காலின் புகார்.

போன வாரம் டை சார் கதவுக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பின்னால் ஒரு பெரிய வரிசை. நான் மெதுவாகத் திறந்தபடி, "சார், நீங்க நிக்கிற அழகப் பார்த்தா உங்களையும் எங்கேருந்து வந்தீங்கன்னு விசாரிக்கணும் போலிருக்கே" என்றேன். வரிசையே சிரித்தது. அவர் முகம் சிவந்து, அப்புறம் அவரும் சிரித்துவிட்டார். ஏஜென்சி பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

உன் அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் நேற்று முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "வாயால வெச்ச தீய முட்டியால அணைக்கிறீங்களாக்கும்" என்றாள். எந்தத் தீ என்று நான் கேட்கவில்லை.

உன் அப்பா

மார்ச் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை நூலகத்தில் வைத்துப் படித்துவிட்டேன். சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனேன். வெளியே போனதும் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. நல்லவேளை, அங்கே யாரும் இல்லை.

பலகைகள் கழன்று விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் எனக்குச் சில நாள் வெளியூர் வேலை இருக்கிறது. எந்த ஊர் என்று கேட்காதீர்கள். அப்போது போன் செய்யாவிட்டால் அம்மா பயப்பட வேண்டாம்.

தைலத்தோடு டாக்டரையும் பாருங்கள்.

உங்கள் மகள்

ஏப்ரல் 19

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

இங்கே யாவரும் நலம். எழுத ஒன்றுமில்லை. லிஃப்ட் ஓடுகிறது. பலகைகள் இருக்கின்றன.

இந்த வாரம் இங்கே மழை. உன் குடையில் ஒரு கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிக்கொள். நனைந்தால் மறுபடி இருமல் பிடிக்கும். வெளியூர் வேலையில் வேளைக்குச் சாப்பிட்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

அவ்வளவுதான். "என்ன, ஒரு பக்கத்தோட வாயடைச்சுப் போச்சு?" என்று உன் அம்மா பக்கத்தில் நின்று கேட்கிறாள்.

உன் அப்பா

மே 20

அன்புள்ள அப்பாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. குடை வாங்கிவிட்டேன்.

உங்களிடம் மறைத்துப் பயனில்லாத ஒரு செய்தி. ஆய்வேட்டிலிருந்து கதவுப் பகுதியை எடுத்துவிட்டேன். முழுவதையும். எடுத்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது.

நான் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். யாரை, எங்கே என்று எழுத மாட்டேன். "நான் எழுதினதால உங்கள யாராவது அடையாளம் கண்டுக்கலாம். அது என் தப்பு. என்ன செய்யட்டும், நீங்க சொல்லுங்க" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர், "அடி வாங்கினது, உள்ள போனது, எல்லாத்தையும் எழுதிக்கோம்மா. கதவ மட்டும் எங்கிட்டயே விட்டுடு" என்றார். எனக்கு அது வெறும் ஒரு நல்ல வரி. அவருக்கு அது அவருடையது.

மேடத்துக்குக் கோபம். "சம்மதக் கையெழுத்து இருக்கு, எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கு, அப்புறம் என்ன?" என்றார். கையெழுத்துப் போட்டபோது கதவைப் பற்றிப் பேசப்போவது போட்டவருக்கே தெரியாது, என்ன எழுதப்போகிறேன் என்பது எனக்கும் தெரியாது என்று சொன்னேன். "இப்படி ஒவ்வொருத்தர் கேட்டதையும் எடுத்தா ஆய்வுல அட்டைதான் மிஞ்சும்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அப்பா. எல்லோரும் இப்படிக் கேட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. ஒருவர் கேட்டார், எடுத்தேன்.

பத்திரிகையில் அச்சானதைத் திரும்ப வாங்க முடியாது. மறுபடி எங்கும் வராது, அதற்கு எழுதி வாங்கிவிட்டேன். பதிப்பகம் 'இப்போதைக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டது. புத்தகம் இல்லை. எல்லா வீட்டுக்கும் சொல்லிவைத்திருக்கிறீர்கள். உங்கள் இருவரையும் தலைகுனிய வைக்கிறேனே என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

உங்கள் மகள்

ஜூன் 1

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

நலம். மூன்று வரியில் முடிக்க நினைத்துத்தான் உட்கார்ந்தேன், என் வாய் உனக்குத் தெரியும்.

தலைகுனிவு பற்றி எழுதியிருந்தாய். லிஃப்ட்காரனுக்கு அதெல்லாம் கிடையாது, கீழே போனால் அடுத்த மணி அடித்ததும் மேலே வந்துதானே ஆக வேண்டும். உன் கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். புத்தகம் வரவில்லை என்று சொல்லத்தான் போகிறாள் என்று நினைத்தேன். வாசலில் அவள் குரல் கேட்டது: "என் பொண்ணு வேணாம்னு சொல்லிட்டா." சொன்ன தோரணையைப் பார்த்தால், பதிப்பகத்தார் நம் வீட்டு வாசலில் வந்து கெஞ்சினார்கள் என்று எதிர்வீடு நினைத்திருக்கும். நான் திருத்தவில்லை.

லிஃப்டில் யாராவது "புத்தகம் எப்ப?" என்று கேட்டால், "எந்த மாடி சார்?" என்று கேட்டுவிடுகிறேன்.

நன்றாகத் தூங்கு.

உன் அப்பா

செப்டம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வரும் பேராசிரியர் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்பார், நான் பதில் சொல்ல வேண்டும். பார்வையாளர்களும் வரலாம். நீங்களும் அம்மாவும் வாருங்கள்.

கடைசி வரிசையில் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் "என் பொண்ணு" என்று ஆரம்பிக்காதீர்கள். அம்மா, அப்பாவைப் பார்த்துக்கொள்.

உங்கள் மகள்

அக்டோபர் 12

அன்புள்ள டாக்டர் கேள்விக்குறிக்கு,

ஊர் வந்து சேர்ந்தோம். ரயிலில் உன் அம்மாவுக்கு ஜன்னல் கிடைத்தது, எனக்கு உன் அம்மா கிடைத்தாள். இருவரும் நலம்.

அன்றைக்கு நீ, "எப்படிப்பா இருந்தது?" என்று ஓடிவந்து கேட்டாய். நான், "ஃபேன் நல்லா ஓடுச்சு" என்றேன். உன் அம்மா கிள்ளிய இடம் இன்னும் கன்றிப்போயிருக்கிறது. அந்தப் பேராசிரியர், "பத்திரிகையில எழுதினப்ப இதுல ரொம்ப முக்கியமான ஒண்ணு இருந்துச்சே, இங்க அது ஏன் இல்ல?" என்று கேட்டார். உன் மேடம் மேசையைப் பார்த்தார். நீ தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "அது என்னோடது இல்ல சார். உடையவங்க திருப்பிக் கேட்டாங்க, கொடுத்துட்டேன்" என்றாய். அவர் கண்ணாடியைக் கழற்றி உன்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "அடுத்த கேள்வி" என்றார். அந்தப் பார்வையை நான் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டுமானால் அவரையே கேள்.

இன்னொன்று. நேற்று ஒருவர் என் பலகையை மதிக்காமல், நான் எழுந்திருக்கும் முன்பே கிராதியைத் தானே இழுத்துத் திறந்து ஏறிவிட்டார். யார் என்று எழுத மாட்டேன். மற்றவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ரூல்ஸ் என்று கத்தவில்லை. "உங்களுக்கு முட்டி வலிக்குமேன்னு பார்த்தேன்" என்றார் அவர். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் என் கண்ணுக்குப் பொத்தான்கள் சரியாகத் தெரியவில்லை.

பலகை இருக்கட்டும். இன்னும் கொஞ்ச நாள் எல்லோரும் நிற்கட்டும்.

உன் அப்பா

(இந்தத் தாள் உறைக்குள் போகாது. அனுப்பினால் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். எனக்குத் தெரிந்தால் உனக்குப் பாரம்.)

ஏப்ரலில் அந்த மழை நாளில் மத்தியானம் கட்டிட வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தெருக்கோடி பஸ் நிறுத்தத்தில் நாலாம் மாடி அம்மா. அவருக்கு எதிரே கம்பி நீட்டிய ஒரு குடை. குடை முழுவதும் அவர் தலைமேல் இருந்தது, பிடித்திருந்த பெண்ணின் தோளும் முதுகும் தொப்பலாக நனைந்துகொண்டிருந்தன. எத்தனையோ மாதம் கழித்து உன்னைப் பார்க்கிறேன். இளைத்திருந்தாய். என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாய், தப்புச் செய்த பிள்ளை வாத்தியார் முன்னால் நிற்பதுபோல நின்று. அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நம் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். நீ வரமாட்டாய் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தேன். பின்னால் டை சார் வந்து நின்றார். கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாருங்க அந்தப் பொண்ணு? நம்ம அம்மாகிட்ட என்ன பேச்சு?"

வாட்ச்மேனிடம், தபால்காரரிடம், விலாசம் கேட்டு வந்தவரிடம், கண்ணாடி துடைக்க வந்தவரிடம், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் உன்னைப் பற்றிச் சொன்னவன் நான். முதல்முறையாக ஒருவர் தானாக, உன்னைக் காட்டியே கேட்கிறார்.

"தெரியலயே சார். வழி கேக்குதோ என்னமோ. ஏறுங்க."

கிராதியைச் சாத்தினேன். பொத்தானை மறக்காமல் அழுத்தினேன். ஒவ்வொரு மாடியிலும் அது நாக்கு நுனிவரை வந்து நின்றது. நாலாம் மாடியில் எழுந்து கதவைத் திறந்துவிட்டேன், அவர் இறங்கிப் போனார். காலி லிஃப்டில் நான் மட்டும். அப்போதுகூட உரக்கச் சொல்லவில்லை:

அது என் பொண்ணு சார்.